அடுக்குமாடிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுக்களைக் கம்யூனிட்டியாக மாற்றி அமைக்க ஒரு வழிகாட்டி

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராகவோ செயற்குழு உறுப்பினராகவோ நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தால், சாவிக்கொத்து, கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களும் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு நிர்வாகி யார் என்றே தெரியாது. சிலவற்றில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் இன்னும் இருப்பார்கள். நாளைக் காலை தண்ணீர் வராது என்ற செய்தி, காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் புதைந்து, பாதிப் பேர் கண்ணில் படாமலே போயிருக்கும். இந்தக் குழுக்களையெல்லாம் வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி அமைப்புக்குள் கொண்டுவந்து ஒழுங்குபடுத்த முடியும். எங்கள் குடியிருப்பில் அதைச் செய்து முடிப்பதற்குள் எழுந்த சிரமங்களில் பெரும்பாலானவை கைபேசியில் எழவில்லை. யார் உறுப்பினர், யாருக்கு எதைச் சொல்லும் உரிமை உண்டு என்று தாளில் தீர்மானித்திருக்க வேண்டிய இடங்களிலிருந்தே முளைத்தன. ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் பாதி தாளையும் பேனாவையும் பற்றியது. அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

1. உங்கள் குடியிருப்புக்கு இது தேவையா என்று முடிவு செய்யுங்கள்

கம்யூனிட்டி என்பது பல குழுக்களை ஒரே கூரையின் கீழ் இணைக்கும் அமைப்பு. 2022 நவம்பரில் உலகெங்கும் அறிமுகமானபோது, ஒரு கம்யூனிட்டியில் 50 குழுக்கள் வரை, ஒரு குழுவில் 1024 பேர் வரை என்று வரம்பு இருந்தது. ஒரு சாதாரணக் குடியிருப்புக்கு இதுவே தேவைக்கு மிக அதிகம். கம்யூனிட்டியைத் தொடங்கியதும் அறிவிப்புக் குழு ஒன்று தானாகவே உருவாகும். அதில் கம்யூனிட்டி நிர்வாகிகள் மட்டுமே அறிவிப்பு வெளியிட முடியும். இணைக்கப்பட்ட எல்லாக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் அது போய்ச் சேரும்.

முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒற்றைக் கட்டடம் என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று, எல்லோரும் பேசும் குழு ஒன்று என இரண்டே போதும். இரண்டு பிளாக்குகளுக்கு மேல் இருந்தாலோ, உரிமையாளர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டிய செய்திகள் அடிக்கடி வந்தாலோ, வருடத்துக்குப் பல வீடுகளில் ஆள் மாறினாலோ மட்டும் மேலே படியுங்கள். தொடங்கிய கம்யூனிட்டியைக் கலைத்தால் அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. இணைந்திருந்த குழுக்கள் தனித்தனியாகத் தொடரும், அறிவிப்புக் குழுவோ மூடப்பட்டுவிடும். ஆகவே செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் கலைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு இறங்க வேண்டாம்.

2. உறுப்பினர் பதிவேட்டை முதலில் சரிசெய்யுங்கள்

மொத்த வேலையிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான், பலர் தவிர்க்க நினைப்பதும் இதைத்தான். பழைய குழு ஒன்றைக் கம்யூனிட்டியோடு இணைத்த அந்த நொடியில், அதிலுள்ள அத்தனை பேரும் அறிவிப்புக் குழுவிலும் சேர்ந்துவிடுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு காலி செய்துபோன வாடகைதாரர், வீட்டை விற்றுவிட்ட பழைய உரிமையாளர், ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்த பிளம்பர், யாருடைய உறவினர் என்றே தெரியாத எண்கள் எல்லாம் அதில் அடக்கம். காவலாளி விடுப்பில் இருக்கிறார், கேமரா பழுதாகியிருக்கிறது என்பது போன்ற செய்திகள் அவர்கள் கைக்கும் போகும். எனவே இணைப்பதற்கு முன்பு களையெடுத்தாக வேண்டும்.

ஒரு விரிதாளைத் திறந்து, வீட்டுக்கு ஒரு வரி என்று தொடங்குங்கள். பிளாக், வீட்டு எண், உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், அவர் உரிமையாளரா வாடகைதாரரா, வாட்ஸ்அப் எண், இரண்டாவது எண், ஒப்புதல் பெற்ற தேதி, சேர வேண்டிய குழுக்கள், வாடகை ஒப்பந்தம் முடியும் மாதம் ஆகியவை பத்திகளாக இருக்கட்டும். கடைசிப் பத்தியைக் கண்டிப்பாக வையுங்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதங்களுக்கே போடப்படுவதால், யாருடைய பெயரை எப்போது மறுபடி விசாரிக்க வேண்டும் என்பதை அந்தப் பத்தியே உங்களுக்கு நினைவூட்டிவிடும். ‘பி பிளாக், 304, உரிமையாளர் துபாயில், குடியிருப்பவர் வாடகைதாரர், இருவரும் அறிவிப்பில், வாடகைதாரர் மட்டும் பிளாக் குழுவில், உரிமையாளர் மட்டும் உரிமையாளர் குழுவில்’ என்ற அளவுக்கு ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தால், பிறகு கைபேசியில் செய்ய வேண்டிய வேலை வெறும் நகலெடுப்பாகிவிடும்.

இதோடு ஒரு பக்க ஒப்புதல் படிவமும் வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த எண்ணைச் சேர்க்க அனுமதிக்கிறார், எந்தெந்தக் குழுக்களில், வீட்டைக் காலி செய்யும்போது எப்படி நீக்கப்படுவார் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு, பிறருடைய எண்ணைச் சேகரித்து வைக்கும் எந்த அமைப்பும் எதற்காக வாங்கினோம் என்று எழுத்தில் காட்டும் நிலையில் இருப்பது நல்லது. ஆதார் எண், பிறந்த தேதி, குடும்பத்தினர் விவரம் போன்றவற்றை இந்தப் படிவத்தில் கேட்காதீர்கள். தேவையில்லாததைக் கேட்டால், தேவையானதையும் தர மறுப்பார்கள்.

தனியாக வசிக்கும் பெண்களிடமும் முதியவர்களிடமும் எண்ணின் மறைவு பற்றி நேரில் விளக்குங்கள். அறிவிப்புக் குழுவில் ஒருவருடைய எண், நிர்வாகிகளுக்கும் ஏற்கெனவே அவர் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும், மற்றவர்களுக்கு மறைந்திருக்கும். ஆனால் பிளாக் குழு, பொதுக் குழு போன்றவற்றில் சேர்ந்தால் அங்கு இருக்கும் எல்லோருக்கும் எண் தெரியும். எண்ணை வெளிக்காட்ட விரும்பாதவர் அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கலாம் என்று படிவத்திலேயே ஒரு கட்டம் போட்டு வையுங்கள். எங்கள் குடியிருப்பில் அதுவரை எந்தக் குழுவிலும் சேராமல் ஒதுங்கியிருந்த பலர் அந்தக் கட்டத்தில் குறியிட்டு உள்ளே வந்தார்கள்.

3. செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்

தீர்மானம் இல்லாமல் தொடங்கினால், முதல் சண்டையிலேயே உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். தீர்மானப் புத்தகத்தில் கீழ்க்கண்டவாறு சுருக்கமாக எழுதினால் போதும்: ‘சங்கத்தின் அதிகாரபூர்வத் தகவல் தொடர்புக்கென வாட்ஸ்அப் கம்யூனிட்டி ஒன்று சங்கத்துக்குரிய எண்ணிலிருந்து தொடங்கப்படும். பதவியில் இருக்கும் செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் ஆகியோர் அதன் நிர்வாகிகளாக இருப்பர். பதவி முடிந்த 7 நாட்களுக்குள் அவர்கள் நிர்வாகப் பொறுப்பையும் கைபேசியையும் புதியவர்களிடம் ஒப்படைப்பர். குழு விதிகள் இணைப்பில் உள்ளவாறு ஏற்கப்படுகின்றன.’

பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு, சந்தா உயர்வு, தேர்தல் அறிவிப்பு போன்றவற்றை எப்படி, எத்தனை நாட்களுக்கு முன்பு தர வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் துணைவிதிகள் சொல்லும். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டோம் என்பது அந்த விதிக்கு மாற்றாகாது. துணைவிதிகளில் மின்னணு அறிவிப்புக்கு இடமில்லை என்றால், கடிதமும் அறிவிப்புப் பலகையும் தொடரட்டும்; கம்யூனிட்டி கூடுதல் வழியாக மட்டும் இருக்கட்டும்.

4. சங்கத்துக்கெனத் தனி எண் வாங்குங்கள்

கம்யூனிட்டியை யாராவது ஒருவருடைய சொந்த எண்ணில் தொடங்குவதுதான் மிகப் பரவலாக நடக்கும் தவறு. அவர் ஊர் மாறினாலோ, சங்கத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டாலோ மொத்த அமைப்பும் அவர் சட்டைப் பையில் போய்விடும்.

சங்கத்தின் பெயரிலேயே இணைப்பு வாங்க வேண்டுமானால் பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் பான் அட்டை, முகவரிச் சான்று, யார் கையெழுத்திடலாம் என்ற அங்கீகாரக் கடிதம், எண்ணைப் பயன்படுத்தப் போகிறவரின் அடையாளச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். சிறிய கடைகளில் இது நடக்காது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சொந்த அலுவலகத்துக்கே செல்லுங்கள். பதிவு செய்யப்படாத சங்கம் என்றால், செயலாளர் பெயரில் புதிய சிம் ஒன்றை வாங்கி, அந்த எண் சங்கத்துக்குரியது என்று தீர்மானப் புத்தகத்தில் பதிந்து வையுங்கள்.

கைபேசி புதிதாக இருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் ஓடுகிற, மின்கலம் நன்றாக இருக்கிற பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை உறுப்பினர் யாரிடமாவது கேட்டு வாங்கலாம். அதைச் சங்க அலுவலகத்தில் வைஃபையோடு வைத்துவிட்டால் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, 365 நாட்கள் வரை செல்லுபடியாகும் ரீசார்ஜ் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அத்தகைய திட்டம் ஒன்று வருடத்துக்குச் சுமார் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும்.

ரீசார்ஜ் தேதியைப் பொருளாளரின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 90 நாட்கள் பயன்பாடு இல்லாத, போதிய இருப்பும் இல்லாத எண் முடக்கப்படலாம். பிறகு அது வேறொருவருக்கு ஒதுக்கப்படவும் கூடும். வாட்ஸ்அப்பும் 120 நாட்கள் பயன்படுத்தப்படாத கணக்கை நீக்கிவிடும். அதோடு 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, செய்திச் செயலிகள் கணக்குக்குரிய சிம் கைபேசியில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே சிம்மைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, செயலியை மட்டும் வேறு கைபேசியில் ஓட்டும் ஏற்பாட்டை நம்ப வேண்டாம்.

எண் கைக்கு வந்ததும் இரண்டு-படிச் சரிபார்ப்பை இயக்கி, சங்கத்தின் மின்னஞ்சலையும் அதில் சேருங்கள். மின்னஞ்சல் சேர்க்காமல் 6 இலக்கப் பின் எண் மறந்துபோனால் 7 நாட்கள் காத்திருக்க நேரும். பின் எண்ணை உறையிலிட்டு, மூடிக் கையெழுத்திட்டு, சங்கத்தின் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

5. குழுக்களின் வரைபடத்தைத் தாளில் போடுங்கள்

இங்கே அவசரம் கூடாது. செயலி இடம் தருகிறது என்பதற்காகப் பதினைந்து குழுக்கள் தொடங்கினால், பழைய குழப்பம் புதிய பெயரில் திரும்பி வரும். எங்களுக்கு ஒத்து வந்த அமைப்பை இங்கே சொல்கிறேன். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக் குழு தானாக வந்துவிடும். அதற்கு அடுத்து ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு குழு. லிஃப்ட் நின்றுவிட்டது, மாடிப்படி விளக்கு எரியவில்லை, யாரோ வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள் போன்றவை அந்தப் பிளாக்கின் வீடுகளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். மூன்றாவது, பராமரிப்புக் குழு: புகார்கள் மட்டும். நான்காவது, உரிமையாளர் குழு; வண்ணம் பூசும் செலவு, பெருந்தொகை நிதி (கார்பஸ்), பதிவு விவகாரங்கள் அங்கே. ஐந்தாவது, செயற்குழு. ஆறாவதாக விழாக்கள், வாங்க விற்க, வீட்டு வேலைக்கு ஆள் தேவை போன்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுக் குழு. இந்தக் கடைசிக் குழுவை வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். கட்டாயம் வையுங்கள். அரட்டைக்கென ஓர் இடம் இல்லாவிட்டால், அது பராமரிப்புக் குழுவுக்குள் நுழைந்துவிடும். மோட்டார் பழுது என்ற புகாரை அதற்குப் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பராமரிப்புக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் இந்த அமைப்பை நம்புவதும் கைவிடுவதும் அங்கேதான் நடக்கிறது. புகார் இப்படித்தான் வர வேண்டும் என்று ஒரு வடிவம் வகுத்து, அதைக் குழுவின் விளக்கப் பகுதியில் எழுதி வையுங்கள்: பிளாக், வீட்டு எண் அல்லது இடம், பிரச்சினை, எப்போதிலிருந்து, முடிந்தால் ஒரு படம். ‘ஏ பிளாக், 2-ஆம் மாடி, லிஃப்ட் கதவு முழுதாக மூடவில்லை, இன்று காலை 7 மணியிலிருந்து’ என்று ஒருவர் எழுதினால், மேற்பார்வையாளர் அந்தச் செய்திக்கே பதிலாக ‘பார்த்தேன், மெக்கானிக் மாலை 4 மணிக்கு’ என்றும், வேலை முடிந்ததும் ‘முடிந்தது’ என்றும் அதே செய்தியை மேற்கோளிட்டு எழுத வேண்டும். மூன்று வரிகளும் ஒரே தொடராக இருப்பதால், அதே புகாரை இன்னும் பத்துப் பேர் எழுதுவது குறையும். மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டச்சு செய்வது சிரமம் என்றால் குரல் பதிவு அனுப்பச் சொல்லாதீர்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய நான்கைந்து பதில்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலெடுத்து ஒட்டக் கற்றுக்கொடுங்கள்.

ஒரு குழு ஒரே சமயத்தில் ஒரு கம்யூனிட்டியில் மட்டுமே இருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் விழாக் குழுவைப் பக்கத்துத் தெரு நலச்சங்கம் தன் கம்யூனிட்டியில் ஏற்கெனவே சேர்த்திருந்தால், அங்கிருந்து விலக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும்.

6. பழைய குழுக்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஒரு குழுவை இணைக்க, அந்தக் குழுவில் நீங்கள் நிர்வாகியாக இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு பழைய குழுவிலும் இப்போதைய நிர்வாகியைக் கண்டுபிடித்து, சங்கத்தின் எண்ணைச் சேர்த்து, அதை நிர்வாகியாக்கச் சொல்லுங்கள். நிர்வாகி வெளிநாடு போய்விட்டார், பதிலே இல்லை என்றால் அந்தக் குழுவைத் துரத்த வேண்டாம். புதிய குழு ஒன்றைத் தொடங்கி, பழையதில் இன்ன தேதி முதல் இங்கே அறிவிப்பு வராது என்று எழுதிவிட்டு நகருங்கள். இணைக்கப்படும் பழைய குழுவின் உரையாடல்கள் அப்படியே இருக்கும் என்பதால், பழைய ரசீதுகளும் படங்களும் தேவைப்படும் குழுக்களை மட்டும் இணைத்து, மற்றவற்றைப் புதிதாகத் தொடங்குவதே என் பரிந்துரை. பதிவேட்டில் இல்லாத எண்களை இணைப்பதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

7. கம்யூனிட்டியை உருவாக்கி, அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

கம்யூனிட்டியைத் தொடங்கும் பொத்தானின் இடம் செயலியின் பதிப்புக்கேற்ப மாறும். கம்யூனிட்டிகளுக்கான தனிப் பகுதியிலோ புதிய உரையாடல் தொடங்கும் இடத்திலோ அதைக் காணலாம். பெயரில் குடியிருப்பின் பெயரும் பகுதியும் இருக்கட்டும். விளக்கத்தில் சங்கத்தின் பதிவு எண்ணையும் அலுவலக நேரத்தையும் எழுதுங்கள்.

ஆட்களைச் சேர்க்கும் முன்பு நான்கு அமைப்புகளைப் பாருங்கள். புதிய குழுக்களைச் சேர்க்கும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நடைப்பயிற்சிக் குழு, கிரிக்கெட் குழு, சீட்டுக் குழு எல்லாம் முளைத்துவிடும். உறுப்பினர்களைச் சேர்க்கும் உரிமையும் நிர்வாகிகளுக்கு மட்டுமே இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் புதியவர்களுக்கு நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்பதை இயக்குங்கள். குழுவின் பெயர், படம் ஆகியவற்றை மாற்றும் உரிமையையும் நிர்வாகிகளோடு நிறுத்துங்கள். தேர்தல் காலத்தில் இந்த நான்காவது அமைப்பின் அருமை தெரியும்.

8. ஒரு பிளாக்கில் வெள்ளோட்டம் பாருங்கள், பிறகு மற்றவர்களைச் சேருங்கள்

புத்தம் புதிய எண்ணிலிருந்து, உங்கள் எண்ணைச் சேமித்திராத நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நாளில் சேர்த்தால், வாட்ஸ்அப் அதை மொத்தச் செய்தி அனுப்பும் கணக்காகக் கருதித் தடை செய்யக்கூடும். அதைத் தவிர்க்க, சங்கத்தின் எண்ணை முதலில் எல்லோரும் கைபேசியில் சேமித்துக்கொள்ளுமாறு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு வாரம் அந்த எண்ணைச் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள். பிறகு ஒரே ஒரு பிளாக்கை மட்டும் இணைத்து இன்னொரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மற்ற பிளாக்குகளுக்கு, அந்தந்தப் பிளாக் குழுவின் அழைப்பு இணைப்பை அனுப்புவதே பாதுகாப்பான வழி. பிளாக் குழுவில் சேர்பவர் கம்யூனிட்டியிலும் அறிவிப்புக் குழுவிலும் தானாகச் சேர்ந்துவிடுவார். பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொருவராக அனுமதியுங்கள். தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பைப் பலர் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். அவர்களை நேரடியாகச் சேர்க்க முயன்றால் தனி அழைப்புப் போகும், 3 நாட்களில் அது காலாவதியாகிவிடும். எனவே வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களும் பொதுத்தேர்வுக் காலமும் இதற்கு உதவாது.

அழைப்பு இணைப்பைக் கியூஆர் குறியீடாக்கி நுழைவாயிலில் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பொருள் கொண்டு வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது படும். எல்லோரும் சேர்ந்த பிறகு இணைப்பை மாற்றியமைத்துவிட்டால், பழைய இணைப்பு செயல்படாது.

9. அறிவிப்பை எப்படி எழுத வேண்டும்

அறிவிப்புக் குழுவுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் நாளுக்கு ஒன்றுக்கு மேல் அறிவிப்பு போகக் கூடாது. அவசரம் மட்டுமே விதிவிலக்கு. யாருக்கு, என்ன, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள்:

‘ஏ, பி பிளாக்குகள்: தண்ணீர் நிறுத்தம். சனிக்கிழமை காலை 10 முதல் மதியம் 2 வரை. மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுகிறது. வெள்ளி இரவே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும். சி பிளாக்குக்குப் பாதிப்பில்லை. சந்தேகங்களைப் பராமரிப்புக் குழுவில் கேட்கவும்.’

பாதிப்பில்லை என்ற வரியை விட்டுவிட்டால் சி பிளாக்கிலிருந்து வரும் கேள்விகளுக்கே அரை நாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நேரம் தவறாகப் போய்விட்டால் 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். அதைத் தாண்டிவிட்டால் நீக்கிவிட்டுத் திருத்திய அறிவிப்பைப் புதிதாக அனுப்புங்கள். அறிவிப்புக்கு உறுப்பினர்கள் பதில் எழுதும் வசதி 2024-இல் வந்தது. பதில்கள் சுருக்கித் தொகுக்கப்பட்டே தெரியும், ஒவ்வொன்றுக்கும் மணியடிக்காது. இருந்தாலும் கேள்விகளை உரிய குழுவுக்குத் திருப்பிவிடுவதே ஒழுங்கு.

சந்தாத் தேதி, அவசரத் தொலைபேசி எண்கள் போன்றவற்றைக் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள். 24 மணி நேரம், 7 நாட்கள், 30 நாட்கள் என்ற காலங்களுக்குப் பொருத்தலாம். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய அறிவிப்புகள் தானாகத் தெரியாது என்பதால், முக்கியமானவற்றை ஒரு பிடிஎஃப் கோப்பாகத் தொகுத்து, சேர்ந்த அன்றே தனியாக அனுப்பிவிடுங்கள். கருத்துக் கணிப்பு வசதியை விழாத் தேதி, வண்ணத் தேர்வு போன்றவற்றோடு நிறுத்துங்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், நிர்வாகிகள் தேர்தலுக்கு அது பொருந்தாது.

10. விதிகளும் நீக்கமும்

விதிகள் ஐந்தாறு வரிகளைத் தாண்ட வேண்டாம். அரசியல், மதம், சாதி குறித்த பகிர்வுகள் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர் பெயரைக் குழுவில் போடக் கூடாது. பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படங்களை அனுமதியின்றிப் பகிரக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை அவசரம் தவிர வேறெதுவும் இல்லை. மீறினால் முதலில் தனிச்செய்தியில் எச்சரிக்கை, அடுத்து செய்தி நீக்கம், மூன்றாவதாக செயற்குழுவின் முடிவின்படி குழுவிலிருந்து நீக்கம். எவரையும் அறிவிப்புக் குழுவிலிருந்து தண்டனையாக நீக்காதீர்கள். தண்ணீர், மின்சாரம் பற்றிய செய்தி அந்த வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

நிர்வாகியாக இருந்தால் வழக்கு வருமோ என்று பயந்து பலர் பின்வாங்குவார்கள். உறுப்பினர் ஒருவர் போட்ட ஆட்சேபகரமான பதிவுக்கு, பொது நோக்கம் இல்லாத நிலையில் நிர்வாகி பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இல் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், நிர்வாகி என்ற பொறுப்பைத் தவிர வேறு பங்கு எதுவும் இல்லையென்றால் காவல்துறையின் இறுதி அறிக்கையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கலாம் என்று பொருளில்லை. தவறான பதிவை நீக்கும் வசதி நிர்வாகிக்கு இருக்கிறது. கண்ணில் பட்டதும் படம் எடுத்துப் பாதுகாத்துக்கொண்டு, உடனே நீக்கிவிடுங்கள்.

வீட்டைக் காலி செய்பவரைப் பிளாக் குழுவிலிருந்து மட்டும் நீக்கினால் அவர் கம்யூனிட்டியில் தொடர்வார். கம்யூனிட்டியிலிருந்தே நீக்கினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரே நேரத்தில் விலகுவார். காலி செய்யும்போது சங்கம் தரும் தடையின்மைக் கடிதத்தில் கையெழுத்திடும் அன்றே இதைச் செய்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டால், பதிவேடு மீண்டும் கெட்டுப்போகாது.

11. செயலி இல்லாதவர்களுக்கு

பொத்தான் கைபேசி வைத்திருக்கும் முதியவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு நேரே அடையாளமிட்டு, ஒவ்வொரு அறிவிப்பையும் காவலாளி இன்டர்காமில் சொல்ல வேண்டிய வீடுகளின் பட்டியலை நுழைவாயில் அறையில் ஒட்டுங்கள். லிஃப்டுக்குள் அச்சுப் பிரதி ஒன்றையும் ஒட்டுங்கள். தீ, திருட்டு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்குக் குழுவில் எழுதுவதற்கு முன்பு 112-ஐ அழைக்க வேண்டும் என்பதை விதிகளின் முதல் வரியாகவே வையுங்கள்.

12. செலவு, காலம், ஒப்படைப்பு

வாட்ஸ்அப்புக்குக் கட்டணம் இல்லை. சிம், ஒரு வருட ரீசார்ஜ், படிவம் அச்சிடுதல், அறிவிப்புப் பலகைப் பிரதிகள் ஆகியவைதான் செலவு. பழைய கைபேசி கிடைத்துவிட்டால் நூற்றைம்பது வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு மொத்தமாக 4,000 ரூபாய்க்குள் அடங்கும். குழுக்களை நிர்வகித்துத் தருகிறோம் என்று மாதக் கட்டணம் கேட்டு வருபவர்களிடம் உறுப்பினர் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

காலம்தான் அதிகம் தேவை. பதிவேட்டுக்கும் ஒப்புதல் படிவத்துக்கும் மூன்று வாரங்கள், தீர்மானத்துக்கும் எண்ணுக்கும் ஒரு வாரம், எண்ணைப் பழக்கவும் வெள்ளோட்டத்துக்கும் இரண்டு வாரங்கள், மற்ற பிளாக்குகளுக்கு இரண்டு வார இறுதிகள் என்று கணக்கிடுங்கள். பொதுக்குழுக் கூட்டம் நெருங்கும் மாதத்தில் தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த மாற்றமும் அரசியலாகப் பார்க்கப்படும்.

ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறும்போது ஒப்படைக்க வேண்டியவை இவை: கைபேசியும் மின்னேற்றியும், சிம்முக்கான ரசீது, பின் எண் உறை, சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல், பதிவேட்டின் அச்சுப் பிரதி, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களின் கோப்பு. பழைய நிர்வாகிகளின் சொந்த எண்களைச் சாதாரண உறுப்பினர்களாக மாற்றிவிட்டுப் புதியவர்களை நிர்வாகிகளாக்குங்கள். கைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, பழையவர்களின் கணினிகளை வெளியேற்றுங்கள். பின் எண்ணை மாற்றிப் புதிய உறையில் வையுங்கள். இவை முடிந்தன என்று இரு தரப்பும் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு கையெழுத்திட வேண்டும்.